பிரவுசர் விளையாட்டை எதில் கட்டுவது? ஆடுபுலி ஆட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எதையும் தரவிறக்கி நிறுவாமல், பிரவுசரில் திறந்த உடனே ஆடத் தொடங்கும் இணைய விளையாட்டை எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டுவது என்ற கேள்விக்கு ஏறத்தாழ 30 வயது ஆகிறது. ஜாவா ஆப்லெட், ஃபிளாஷ், பிஎச்பி, எச்டிஎம்எல் 5, யூனிட்டி, வெப்அசெம்பிளி என்று ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொன்னது. சொன்ன விடைகளில் சில இன்று இயங்குவதில்லை. சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என நீளும் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் முன் இதே கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. சேலத்தை அடுத்த கருப்பூரில் 2024இல் திறக்கப்பட்ட டைடல் நியோ பூங்கா போன்ற இடங்களில் சிறு நிறுவனம் தொடங்குவோரும் இதற்கு விடை கண்டாக வேண்டும்.

கேள்வியைப் பொதுவாக வைத்துப் பேசினால் விடையும் பொதுவாகவே வரும். ஆகவே இக்கட்டுரை ஆடுபுலி ஆட்டத்தை அளவுகோலாகக் கொள்கிறது. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் அதற்கு 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். கோயில் மண்டபத் தரையில் கோடு கீறி ஆடிய ஆட்டம் இது. அதை ஒருவர் ஆத்தூரிலும் மற்றவர் பரமத்தி வேலூரிலும் இருந்து போனில் ஆட வேண்டுமானால் என்னென்ன முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும் என்று பார்த்தால், ஒவ்வொரு நிலைப்பாட்டின் பலமும் பலவீனமும் புலப்படும்.

செருகுநிரல்களின் காலம்

முதல் விடை, பிரவுசருக்குள் இன்னொரு நிரலைச் செருகுவது. 1995இல் ஜாவா ஆப்லெட் வந்தது. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் தோன்றிய மென்பொருளை மேக்ரோமீடியா வாங்கி ஃபிளாஷ் ஆக்கியது. 2005இல் அது அடோபியிடம் போயிற்று. 2001இல் வெளியான ரூன்ஸ்கேப் ஆப்லெட்டில் ஓடியது. 2009இல் ஃபேஸ்புக்கைக் கலக்கிய ஃபார்ம்வில் ஃபிளாஷில் ஓடியது. அக்காலத் தொடக்கத்தில் இருந்த பிரவுசரால் தனியாக ஒரு வட்டத்தைக்கூட ஒழுங்காக வரைய முடியாது. ஆகவே அந்த நாளில் இது சரியான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

பலவீனம் தொழில்நுட்பத்தில் இருந்ததைவிட உடைமையில் இருந்தது. 2007இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாக வெளியிட்டார். 2011இல் அடோபியே மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டது. 2015இல் குரோம் பழைய செருகுநிரல் இடைமுகத்தை முற்றிலும் நீக்க, ஆப்லெட்டும் யூனிட்டியின் அன்றைய செருகுநிரலும் அதோடு போயின. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷின் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தைத் தடுக்கத் தொடங்கியது. ஃபார்ம்வில்லின் ஃபேஸ்புக் பதிப்பும் அதே 2020 கடைசி நாளோடு மூடப்பட்டது. விளையாட்டின் விதிகள், படங்கள், நிரல் எல்லாம் ஒரே மூடிய கோப்புக்குள் இருந்ததால், மூல நிரலைத் தனியே காப்பாற்றாதவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. ரஃபிள் என்ற திறமூல நிரல் இன்று வெப்அசெம்பிளியின் துணையோடு பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் பலவற்றை ஓட்டிக் காட்டுகிறது. ஆனால் சர்வரோடு பேசிய பல்லாட்டக்காரர் விளையாட்டுகளை அதுவும் மீட்பதில்லை. மறுமுனையில் பதில் சொல்ல சர்வர் இல்லை.

பக்கமே விளையாட்டு என்ற நிலைப்பாடு

இதே காலத்தில் எதிர்த் திசையில் ஒரு மரபு வளர்ந்தது. 2002இல் ஓகேம், 2004இல் டிராவியன் ஆகிய ஜெர்மானிய விளையாட்டுகள் பிஎச்பியும் தரவுத்தளமும் கொண்டு சாதாரண வலைப்பக்கங்களாகவே எழுதப்பட்டன. கட்டளை கொடுத்தால் சர்வர் கணக்கிட்டு அடுத்த பக்கத்தை அனுப்பும். அசையும் படம் இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்து ஆடும் உத்தியே அதன் சுவை. இவ்விரண்டும் ஃபிளாஷின் மரணத்தைத் தாண்டி வாழ்கின்றன. ஆட்டம் மெதுவாக நகர்வதாயின் தொழில்நுட்பம் எளிமையாக இருக்கலாம், எளிமையானது நீண்ட நாள் நிற்கும் என்பதற்கு இவை வலுவான சான்றுகள்.

ஆடுபுலிக்கு இது முழுக்கப் பொருந்துமா? ஓரளவுக்குத்தான். எதிராளி காய் நகர்த்திவிட்டாரா என்று இரண்டு நொடிக்கொரு முறை சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கம் போனின் மின்கலத்தையும் டேட்டாவையும் வீணாக்கும். அஞ்சலட்டையில் ஆடுவது போல நாளுக்கு ஒரு நகர்வு என்றால் போதும். நேருக்கு நேர் ஆட இது பற்றாது.

பிரவுசரின் சொந்தக் கருவிகள்

மூன்றாவது நிலைப்பாடு, செருகுநிரலும் வேண்டாம், பக்கத்தை மறுபடி மறுபடி ஏற்றவும் வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரநிலைகளைக் கொண்டு கட்டுவோம் என்பது. படம் வரைய 2004இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய கேன்வாஸ், முப்பரிமாணத்துக்கு 2011இல் வந்த வெப்ஜிஎல் 1.0, சர்வரோடு இணைப்பைத் திறந்தே வைக்க அதே ஆண்டு டிசம்பரில் தரநிலையான வெப்சாக்கெட் ஆகியவை இதற்கு அடித்தளம். இவற்றின் மேல் த்ரீ.ஜேஎஸ் 2010இலும், ஃபேசர், பிக்ஸி, பேபிலான் ஆகியவை 2013இலும் எழுந்தன. முப்பரிமாணத்துக்கு த்ரீ.ஜேஎஸ்ஸும் பேபிலானும், இருபரிமாணத்துக்கு ஃபேசரும் பிக்ஸியும் என்று பொதுவாகப் பிரிப்பது வழக்கம். ஃபேசர் முழு விளையாட்டுச் சட்டகம். பிக்ஸி வரைவதோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எடுத்தவர்கள் பாதி வழியில் மாற நேர்வதுண்டு.

நூலகமே இல்லாமல் எழுதலாம் என்பாரும் உண்டு. ஜோஷ் வார்டில் எழுதி 2021இல் பரவிய வேர்டில் என்ற சொல் விளையாட்டு எந்த கேம் எஞ்சினும் இல்லாத சிறு வலைப்பக்கம்தான். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. ஆடுபுலிப் பலகையின் 23 புள்ளிகளையும் கோடுகளையும் எஸ்விஜி என்ற திசையன் வரைபடமாகப் பக்கத்திலேயே வரைந்துவிடலாம். எந்தத் திரை அகலத்திலும் கூர்மை குறையாது. ஒவ்வொரு புள்ளியும் தனி உறுப்பு என்பதால் விரல் தொட்டது எதை என்று கணக்கிட நிரல் எழுத வேண்டியதில்லை. திரை வாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு ‘மூன்றாம் வரிசை, இடது, புலி’ என்று பெயரிட்டுச் சொல்லவும் முடியும். கேன்வாஸில் வரைந்த படத்துக்கு இந்த வசதி தானாக வராது.

தரநிலைகள் என்றும் மாறாதவை என்று இத்தரப்பார் சிலசமயம் மிகைப்படுத்துவதுண்டு. 2018இல் குரோம், பயனர் தொடுவதற்கு முன் ஒலி எழக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தபோது எண்ணற்ற வலை விளையாட்டுகள் ஊமையாயின. எதிர்ப்பு எழவே அவ்விதியைச் சில மாதங்கள் தள்ளிவைத்துத்தான் மீண்டும் அமலாக்கினார்கள். 2020இல் சஃபாரி, ஏழு நாள் திறக்கப்படாத தளம் பிரவுசரில் சேமித்து வைத்ததை அழிக்கத் தொடங்கியது. ஆட்டக் கணக்கைப் போனிலேயே வைத்திருந்தவர்களுக்கு இது பேரிடி. ஆயினும் இவை நிரலைத் திருத்திச் சமாளிக்கக்கூடிய மாற்றங்கள். ஃபிளாஷுக்கு நேர்ந்த கதியோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.

எஞ்சின்களும் வெப்அசெம்பிளியும்

நான்காவது விடை, போனுக்கும் கணினிக்கும் விளையாட்டு செய்யும் அதே எஞ்சினில் செய்து, வலைக்கும் ஏற்றுமதி செய்வது. பிற மொழிகளில் எழுதிய நிரலைப் பிரவுசரில் ஓட்ட 2013இல் வந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ் இதற்கு வழி திறந்தது. 2017இல் நான்கு பெரிய பிரவுசர்களிலும் இடம்பெற்று, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையான வெப்அசெம்பிளி அதை நிலைநிறுத்தியது. யூனிட்டியும் கோடோவும் இவ்வழியில் முன்னிற்பவை.

வேலைவாய்ப்பை எண்ணிப் பார்க்கும் மாணவருக்கு இந்த வாதம் கவர்ச்சியானது. யூனிட்டி தெரிந்தவரைத் தேடும் நிறுவனங்கள் பல. கவர்ச்சிக்கு அப்பால் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது எடை. ஃபேசர் நூலகம் சுருக்கிய வடிவில் ஒரு மெகாபைட் அளவில் நிற்கிறது. கோடோ 4இன் வெற்று ஏற்றுமதியே அழுத்துவதற்கு முன் 30 மெகாபைட்டைத் தாண்டும். அழுத்தி அனுப்பினால் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. போனுக்கு வந்தபின் அதை விரித்து நினைவகத்தில் ஏற்றும் வேலை குறையாது. தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுமே சேலம், நாமக்கல் பகுதியின் பல வீடுகளில் உள்ள கருவிகள் என்பதை மறந்து எடையைப் பேச முடியாது. இரண்டாவது, பிரவுசரோடு உள்ள உரசல். 2018இல் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளிப்பட்டதும் பகிர்நினைவக வசதியைப் பிரவுசர்கள் நிறுத்திவைத்து, பின்னர் கடும் நிபந்தனைகளோடு திருப்பித் தந்தன. கோடோ 4இன் தொடக்கப் பதிப்புகள் அவ்வசதியை நம்பியிருந்ததால் சர்வரில் தனித் தலைப்புகள் அமைக்காமல் அவை ஓடவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த 4.3தான் அந்தத் தேவையை விலக்கியது. சி ஷார்ப்பில் எழுதிய கோடோ 4 திட்டத்துக்கு அந்தப் பதிப்பிலும் வலை ஏற்றுமதி கிட்டவில்லை. யூனிட்டியோ, மொபைல் பிரவுசரில் ஓடுவதற்கு அதிகாரபூர்வ ஆதரவை 2024இல் யூனிட்டி 6 வரும்வரை தரவில்லை. மூன்றாவது, ஃபிளாஷ் கற்பித்த அதே உடைமைச் சிக்கல். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் ஓராண்டில் அதைக் கைவிட்டது. திறமூல உரிமத்தில் உள்ள கோடோவுக்கு இந்த ஆபத்து இல்லை.

முப்பரிமாண ஓட்டப்பந்தயம், இயற்பியல் கணக்கு நிறைந்த ஆட்டம் போன்றவற்றுக்கு எஞ்சினைத் தவிர்ப்பது பொருளற்ற பிடிவாதம் ஆகும். ஆடுபுலிக்கு அது தேவையா என்பதே இங்கு கேள்வி. தேவையில்லை என்றே சான்றுகள் சொல்கின்றன.

தமிழ் எழுத்து என்னும் சோதனை

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் தொடாத ஓர் அளவுகோல் தமிழ் விளையாட்டுக்கு உண்டு. யூனிகோடில் ‘சேலம்’ என்ற சொல் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. சேமிப்பில் ஏகாரக் குறி சகரத்துக்குப் பின்னால் நிற்கும். திரையில் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் எழுத்து வடிவமைப்புப் பொறி பிரவுசருக்குள் இருக்கிறது. குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஒட்டும் எஞ்சினில் ‘சேலம்’ சிதைந்து, இரட்டைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். ‘கொல்லிமலை’யில் நிலைமை இன்னும் மோசம், ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். ‘நாமக்கல்’லிலோ முன்னால் வரும் குறி எதுவும் இல்லை, ஆகவே அது பெரும்பாலும் சரியாகவே தெரியும். ஒரு சொல்லை மட்டும் தட்டிப் பார்த்து ‘தமிழ் வருகிறது’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அண்டை மாவட்டங்கள் இரண்டின் பெயர்களே போதும்.

இந்தச் சோதனையில் நிலைப்பாடுகள் தெளிவாகப் பிரிகின்றன. பக்கத்து உறுப்புகளாக எழுதப்படும் எழுத்து தவறாது. ஃபேசரின் வழக்கமான எழுத்துப்பொருள் பிரவுசரின் கேன்வாஸ் வழியே வரைவதால் அதுவும் தேறும். அதே ஃபேசரின் பிட்மேப் எழுத்து தேறாது. கோடோ 3 தமிழை ஒழுங்காக வடிவமைக்கவில்லை. 2023இல் வந்த கோடோ 4 ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்புப் பொறியை உள்ளடக்கி இக்குறையைத் தீர்த்தது. ஆனால் வலை ஏற்றுமதியில் போனின் எழுத்துருவை அதனால் எடுக்க முடியாது. தமிழ் எழுத்துருவையும் கூடவே சுமந்து வர வேண்டும். யூனிட்டியில் நெடுநாளாகப் புழங்கும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இடமாற்றத்தைச் செய்வதில்லை. அதைச் சமாளிக்கப் பழைய பாமினி வகை எழுத்துருக்களுக்கு உரையை மாற்றிக் காட்டுவோர் உண்டு. கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும்; தேடலுக்கும் திரை வாசிப்பானுக்கும் அது தமிழே அல்ல.

சொல் விளையாட்டுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிடம் ‘சேலம்’ எத்தனை நீளம் என்று கேட்டால் 5 என்று சொல்லும். தமிழ் கற்ற குழந்தை 3 என்று சொல்லும். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செக்மென்டர் வசதி குரோமில் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024இலும்தான் வந்தது. அதற்கு முந்தைய பிரவுசருக்கு உயிர்மெய்யைப் பிரிக்கும் நிரலைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

சர்வர், தூரம், செய்தி

இருவர் ஆடும் ஆட்டத்தில் நடுவர் எங்கே இருப்பது? ஆட்டக்காரரின் போனை நம்பக்கூடாது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. பிரவுசர் நிரலை யாரும் திறந்து மாற்றலாம். புலி வெட்டியது செல்லுமா என்பதை சர்வர் சரிபார்க்க வேண்டும். தாயம் போன்ற ஆட்டத்தில் தாயக்கட்டை உருட்டுவதையே சர்வர் செய்ய வேண்டும்.

அனுப்ப வேண்டிய செய்தி மிகச் சிறியது. ஒரு புள்ளி வெறுமை, ஆடு, புலி என மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். இரண்டு பிட் போதும். 23 புள்ளிகளுக்கு 46 பிட். யார் முறை என்பதற்கு 1. இன்னும் இறக்காத ஆடுகளுக்கு 4. மொத்தம் 51 பிட், அதாவது 7 பைட்டுக்குள் முழு ஆட்ட நிலையும் அடங்கும். அதைச் சுமந்து செல்லும் இணைய நெறிமுறைகளின் தலைப்புகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே இங்கே வேகத்துக்காகக் கசக்க வேண்டியது செய்தியை அல்ல. இணைப்பு அறுந்து மீளும்போது நிலையைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பதே வேலை. ஏற்காட்டு மலைப்பாதையிலோ ஓடும் பேருந்திலோ சிக்னல் போய் வரும் ஆட்டக்காரருக்கு, அறுந்த இணைப்பு தோல்வியாகக் கணக்கிடப்படக் கூடாது. ஒவ்வொரு மறு இணைப்பிலும் முழு நிலையையும் அனுப்பிவிடுவது, விடுபட்ட நகர்வுகளைத் தேடித் தொகுத்து அனுப்புவதைவிட எளிது. 7 பைட்டுக்கு அது எந்தச் சுமையும் அல்ல.

போக்குவரத்து வழியில் மூன்று தரப்புகள் உள்ளன. வெப்சாக்கெட் எங்கும் கிடைக்கிறது. வரிசை தவறாது, ஆனால் ஒரு பொட்டலம் தொலைந்தால் பின்வருவன எல்லாம் காத்திருக்கும். வெப்ஆர்டிசி இரு போன்களையும் நேரடியாக இணைக்க முயலும். ஒரே முகவரியைப் பலர் பகிரும் நம் மொபைல் நெட்வொர்க்குகளில் அது அடிக்கடி தோற்று, இடைநிலை சர்வர் செலவைக் கொண்டுவரும். வெப்டிரான்ஸ்போர்ட் புதியது, எல்லா பிரவுசர்களிலும் ஒரே அளவில் ஊன்றிவிட்டது என்று இன்னும் சொல்லிவிட முடியாது. ஓடிச் சுடும் ஆட்டத்துக்கு இந்த வேறுபாடுகள் உயிர்நாடி. முறை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு வெப்சாக்கெட்டே போதும் என்பதற்கு லிசெஸ் நடைமுறைச் சான்று. 2010இல் பிரெஞ்சுக்காரர் திபோ துப்ளெஸி தொடங்கிய இந்த இலவசச் சதுரங்கத் தளம், ஸ்காலாவில் எழுதிய சர்வரையும் வெப்சாக்கெட்டையும் கொண்டு உலகெங்குமிருந்து வரும் ஆட்டக்காரர்களைத் தாங்குகிறது. நெட்வொர்க் தாமதத்தைக் கடிகாரத்தில் ஈடுகட்டவும் செய்கிறது.

தூரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சேலத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிநொடிக்குக் குறையாது. அமெரிக்கக் கிழக்குக் கரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கூடும். ஆடுபுலிக்கு இரண்டும் பொறுக்கத்தக்கவை. சண்டை ஆட்டத்துக்கு மும்பையோ சென்னையோதான் சரி. சர்வர் மொழி நோட்.ஜேஎஸ்ஸா, கோ மொழியா, எலிக்சிரா, பிஎச்பியா என்ற சச்சரவுக்கு இந்த அளவிலான ஆட்டத்தில் பெரிய பொருள் இல்லை. விதிச் சரிபார்ப்பைப் பிரவுசரும் சர்வரும் ஒரே நிரலாகப் பகிரலாம் என்பது மட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்குச் சாதகம்.

சட்டம் வைக்கும் எல்லை

தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் பகுதியைப் பின்னால் சேர்க்கலாம் என்ற நினைப்போடு கட்டமைப்பை வரைவது இனி வீண். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்குப் பெயரும் போன் எண்ணும் கேட்காமல், ஓர் இணைப்பைப் பகிர்ந்தாலே ஆடலாம் என்ற அமைப்பு சட்டத்துக்கும் உகந்தது, எழுதவும் எளிது.

தீராதவை

ஆடுபுலி போன்ற பலகை ஆட்டத்துக்கு எஸ்விஜி அல்லது கேன்வாஸ், எளிய ஜாவாஸ்கிரிப்ட், வெப்சாக்கெட், இந்தியாவுக்குள் ஒரு சிறு சர்வர் ஆகியவை போதும் என்று ஓரளவு உறுதியோடு சொல்லலாம். முப்பரிமாணத்துக்கு இவ்வளவு உறுதி இயலாது. 2023 மே மாதம் குரோமில் வந்த வெப்ஜிபியூ, வெப்ஜிஎல்லின் இடத்தை எவ்வளவு விரைவில் பிடிக்கும் என்பது விலை குறைந்த போன்களின் வரைகலைச் சில்லுகளைப் பொறுத்தது. எஞ்சின்களின் தமிழ் எழுத்துத் தரம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. இன்றைய சோதனை நாளைக்குச் செல்லாது.

கணினி எதிராளியும் திறந்த கேள்விதான். 3 புலிகளை 23 புள்ளிகளில் 1,771 விதங்களில் வைக்கலாம். மீதி 20 புள்ளிகளில் 15 வரையிலான ஆடுகளைச் சேர்த்தால் பலகை நிலைகள் சுமார் 185 கோடி. சதுரங்கத்தோடு ஒப்பிட இது சிறிய எண். சதுரங்க எஞ்சினான ஸ்டாக்ஃபிஷே வெப்அசெம்பிளி வடிவில் பிரவுசருக்குள் ஓடுகிறது. அப்படியிருக்க, ஆடுபுலிக்கு வல்லமையுள்ள எதிராளியைப் போனிலேயே ஓட்டலாம் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. எந்த அளவு வலிமை சிறுவர் ஆடி மகிழ ஏற்றது என்பது நிரலாளர் தனியே தீர்க்கக்கூடியது அல்ல.

விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறுகின்றன: எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி, எல்லா ஆடுகளும் இறங்கும் முன் புலி வெட்டலாமா என்பன போல. இவற்றைத் திரை வரையும் நிரலுக்குள் புதைக்காமல், 23 புள்ளிகளின் தொடர்பு அட்டவணையாகவும் தமிழில் எழுதிய விதிப் பட்டியலாகவும் தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்பதே இத்துறையில் இறங்கும் மாணவரிடமும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியரிடமும் வைக்க வேண்டிய வேண்டுகோள். பிரவுசர் மாறினாலும் எஞ்சின் மூடப்பட்டாலும், அந்த ஒரு கோப்பு இருந்தால் ஆட்டத்தை இன்னொரு முறை கட்டிவிடலாம்.